நண்டுக்கு இருபத்தெட்டு மணித்தியாலம்

போன மாதம் பர்ஹானா தொலைபேசியில் அழைத்தார். நான் விட்டுவிட்டு வந்த கதிரையில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான். கம்பனியில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு கைந்நூல் எழுதச் சொல்லியிருக்கிறார்களாம்.

"சேர், கட்டுநாயக்கவிலிருந்து சிங்கப்பூருக்கு எத்தின மணித்தியாலம் எண்டு போடட்டும்?"

"இருபத்தெட்டு."



"சேர், நான் பிளேனக் கேட்டேன். கப்பல இல்ல."

"நானும் பிளேனத்தான் சொல்றேன்."

"போன்ல மூணு மணித்தியாலம் அம்பது நிமிஷம் எண்டு காட்டுது சேர். ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சமாம்."

"அது மனுசருக்கு, மகள். நீங்க அனுப்புறது நண்டு."

ஐம்பத்தைந்தில் ஓய்வுபெற்றவனுக்கு மூளை இவ்வளவு சீக்கிரம் கலங்குமா என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கும். ஆனால் அந்த இருபத்தெட்டைக் கண்டுபிடிக்க நான் கொடுத்த விலை எழுபத்தாறு நண்டுகளின் உயிரும், என்னைப்பற்றி நானே வைத்திருந்த நல்லெண்ணத்தில் பெரும்பகுதியும். கைந்நூலில் அதற்கு இடம் இருக்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து ஒரு பையோடு கற்பிட்டியில் கரையிறங்கியவர்களில் நானும் ஒருவன். அதன்பின் இருபது வருடம் எல்லாமாகவும் இருந்தேன்: உப்பளத்தில் மேற்பார்வை, பாடசாலையில் பதில் ஆசிரியர், கடைசியாகக் கிராம நூலகத்தில் பொறுப்பாளர். நூலகத்துக்கு ஆட்கள் வருவது குறைவு. எனவே அங்கிருந்த புத்தகங்களையெல்லாம் நானே வாசித்துத் தீர்த்தேன். பூமி எவ்வளவு சாய்ந்து சுற்றுகிறது, தீர்க்கரேகைகள் எத்தனை, எந்த மாலுமி எந்தத் தீவில் எதனால் செத்தான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மதுரங்குளிக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் தெரியாது.

யுத்தம் முடிந்த பிறகு, பள்ளிவாசல்துறைக்கு இந்தப் பக்கம் களப்போரமாக, கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கும் அந்த ஏரிக்கரையில், ஒரு கொட்டகை எழும்பியது. களப்பு நண்டை உயிரோடு சிங்கப்பூருக்கு அனுப்பும் கம்பனி. அனுப்பும் பிரிவுக்கு ஆள் தேவை என்றார்கள், போனேன். முகாமையாளர் பெர்னாந்து சேர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"நண்டுக்கு எத்தின கால்?"

"பத்து, சேர். கவ்வி இரண்டையும் சேர்த்து."

"எண்ணிப் பாத்ததா, வாசிச்சதா?"

"வாசிச்சது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைத்தார். அது என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. வேலை கிடைத்தது. மூன்று மாதப் பயிற்சியில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்று: நண்டைப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். அதைக் கற்றுத்தந்தது ஒரு நண்டு. இடது பெருவிரலில் சான்றிதழ் இன்னும் இருக்கிறது.

பெர்னாந்து சேர் சிலாபத்துக்காரர். வீட்டில் சிங்களம், சந்தையில் தமிழ். யாரையும் ஏசியதை நான் பார்த்ததில்லை. பிழை நடந்தால் கண்ணாடியைத் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதுதான் பிழையின் அளவு. பத்து விநாடி என்றால் சின்னப் பிழை. அரை நிமிஷம் போனால் கொட்டகையில் மூச்சுச் சத்தமும் கேட்காது. துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டு எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "நண்டுகிட்டக் கேட்டீங்களா?"

முதலில் இதை ஒரு பெரியவரின் வேடிக்கை என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அது செய்முறை. நண்டின் கண் ஒரு சிறு காம்பின் நுனியில் இருக்கிறது. விரலால் மெல்லத் தொட்டால் சட்டென்று உள்ளே மடக்கிக்கொள்ளும். உடனே மடக்கினால் பயணத்துக்குத் தயார். யோசித்து மடக்கினால் களைப்பு. மடக்கவே இல்லையென்றால் அதற்கு இனிப் பயணம் இல்லை. வாயோரம் நுரை தள்ளினாலும் களைப்பு என்றுதான் பொருள். பெர்னாந்து சேர் கொட்டகையில் நடந்து போகும்போதே இரண்டு பக்கமும் கண்களைத் தொட்டுக்கொண்டு போவார். பார்ப்பவர்களுக்கு அவர் ஆசீர்வாதம் வழங்குவதுபோல் இருக்கும்.

நண்டு கட்டும் மேசையில் முப்பத்திரண்டு பெண்கள். அவர்களுக்குத் தலைமை ஸீனத் ராத்தா; எங்கள் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. என்னைப்போலவே மன்னாரிலிருந்து வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஏழு வருடம் குவைத்தில் வீட்டு வேலை, திரும்பி வந்து கடற்கரை மணலில் கருவாடு காயவைக்கும் வேலை. "ஆயுசுல இப்பதான் தம்பி கதிரையில இருந்து செய்ற ஒரு வேல கிடைச்சிருக்குது" என்பார். அவர் நண்டைக் கையில் எடுத்தால் அடிவயிற்றில் பெருவிரலால் ஓர் அழுத்து. அமிழ்ந்தால் அது உள்ளே தண்ணீர் மட்டும் உள்ள நண்டு. களப்புக்கே திரும்பிப் போகும். அமிழாவிட்டால் கயிறு. ஒரு கவ்வியை மடக்கி ஒரு சுற்று, மற்றதை மடக்கி ஒரு சுற்று, குறுக்கே ஒன்று, முடிச்சு. நான் பத்துவரை எண்ணி முடிப்பதற்குள் இரண்டு நண்டு கட்டிவிடுவார். அவருக்கு இடது கைப்பழக்கம். மற்றவர்களின் முடிச்செல்லாம் வலப்பக்கம் விழும். அவருடையது மட்டும் இடது பக்கமாக, அடியில் ஒரு சின்ன மடிப்போடு.

கட்டிய நண்டுகளை, பக்கங்களில் ஓட்டைகள் போட்ட வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியில் அடுக்கி, வரிசைக்கு ஒரு ஈரச் சாக்கு வைக்க வேண்டும். களப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சாக்கு. எவ்வளவு பிழிய வேண்டும் என்பதற்கு ராத்தாவிடம் ஓர் அளவு உண்டு. சாக்கைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "குளிரணும், நனையக்கூடாது."

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடுகளில் களப்பு நண்டு சமைப்பதில்லை. தண்ணீரிலும் தரையிலும் உயிர்வாழ்கிற பிராணி ஆகாது என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. அதே குணத்தால்தான் அது தண்ணீரில்லாமல் சிங்கப்பூர்வரை போகிறது. எது எங்கள் சட்டியிலிருந்து அதை விலக்கி வைத்ததோ, அதுவே எங்கள் சட்டிகளில் சோறு வேக வைத்தது. ஆக, வாழ்நாளில் ஒரு துண்டுகூட வாயில் வைக்காத ஒரு பொருளின் தரத்துக்கு நானும் ராத்தாவும் பொறுப்பாக இருந்தோம்.

முதலாவது பயணத்துக்கு நேர அட்டவணை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சிங்கப்பூரில் வாங்குபவர் மிஸிஸ் டான் என்ற அம்மையார். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் செத்தால் நண்டு வேண்டாம் என்பது அவருடைய நிபந்தனை. நான் விமான அட்டவணையை மேசையில் விரித்தேன். புறப்படுவது பிற்பகல் ஒரு மணி. இறங்குவது இரவு ஏழரை. கழித்தேன். ஆறரை மணித்தியாலம். ஆறரை மணித்தியாலம் ஆகாயத்தில் தாகத்தோடு கிடக்கப்போகிற பிராணிகளை நினைத்து என் மனம் இளகியது. சாக்குகளைப் பிழியாமல் வைக்கச் சொன்னேன்.

ராத்தா சாக்கைக் கன்னத்தில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். "இது கூட, தம்பி."

"விமானம் ஆறரை மணித்தியாலம், ராத்தா. தாங்காது."

"சிங்கப்பூருக்கா? நான் குவைத்துக்கே அஞ்சு மணித்தியாலத்துல போனேனே. சிங்கப்பூர் அதவிடக் கிட்ட எண்டுதானே சொல்றாங்க?"

"இது வேற திசை, ராத்தா."

"ஓம், வேற தெசதான். அதத்தான் சொல்றேன். குவைத்துல நான் அந்திக்கு மக்ரிப் தொழக்குள்ள இங்க எங்கட உம்மா ராத்திரி இஷாவும் தொழுது முடிச்சிருவா. அங்க நேரம் பின்னுக்கு. அப்ப அந்தப் பக்கம் நேரம் முன்னுக்கு இருக்காதா? அதக் கணக்கெடுத்தீங்களா?"

நான் புன்னகை செய்தேன். இன்றைக்கும் ராத்திரியில் விழிப்பு வந்தால் அந்தப் புன்னகைதான் ஞாபகம் வரும். நூலகத்தை முழுதாக வாசித்தவன், மற்றவர்களுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்துவதற்கு முன் செய்கிற புன்னகை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது என்பதை அரை மணித்தியாலம் விளக்கினேன். கையில் ஒரு நண்டை வைத்துச் சுற்றிக் காட்டியதாகவும் ஞாபகம். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அதோடு நிற்காமல், லொறி ஓட்டும் அன்ரனியைக் கூப்பிட்டு, "வழியில தண்ணி காட்டுங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

இருநூறு நண்டு போயிற்று. எழுபத்தாறு செத்தது.

மறுநாள் மாலை பெர்னாந்து சேர் என்னைத் தன் மேசைக்கு அழைத்தார். கண்ணாடி ஏற்கெனவே கையில் இருந்தது.

"பிளேன் எத்தின மணித்தியாலம்?"

"ஆறரை, சேர்."

 மேசைத் தொலைபேசியில் ஓர் எண்ணை அழுத்தி, ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, "எங்கட அனுப்பும் பிரிவு அதிகாரி உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணுமாம்" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார். பிறகு ஒரு மெல்லிய குரலில் எனக்கு மட்டும் கேட்கும்படி, "டைம் கேளுங்க" என்றார்.

கேட்டேன். மிஸிஸ் டான், "எட்டரை" என்றார். எங்கள் சுவரில் ஆறு மணி.

பெர்னாந்து சேர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் எண்ணினேன். ஒரு நிமிஷமும் இருபது விநாடியும். அந்தக் கொட்டகையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அந்தச் சாதனையை நெருங்கவில்லை. விமானம் பறப்பது நான்கு மணித்தியாலம்தான். மிச்ச இரண்டரை, சிங்கப்பூர்க் கடிகாரம் எங்களைவிட முன்னால் ஓடுவதால் வந்தது. இல்லாத இரண்டரை மணித்தியாலத்துக்காக நான் நண்டுகளுக்குத் தண்ணீர் கொடுத்திருந்தேன். நண்டு ஈரக்காற்றில் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் பெட்டியின் அடியில் தேங்கிய இரண்டு விரல் தண்ணீரில், அதிலிருக்கிற மூச்சையெல்லாம் தீர்த்துவிட்டு மூழ்கிச் சாகும். தண்ணீர்ப் பிராணியைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்ற பெருமை எனக்கு.

மேசைக்குப் போனேன். ராத்தா தலை நிமிராமல் கட்டிக்கொண்டிருந்தார்.

"ராத்தா, சிங்கப்பூர் ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்குத்தான்."

"குவைத்து ரெண்டரை பின்னுக்கு," என்றார். "ஏழு வருஷம் அந்த ரெண்டரையக் கழிச்சுக் கழிச்சுத்தான் புள்ளயளோட கதைச்சேன். அல்லாஹ் எங்கள நடுவுல வச்சிருக்கான், தம்பி. நீங்க புத்தகத்துல பாக்கல்லயா?"

பார்க்கவில்லை.

மிஸிஸ் டான் இன்னொரு வாய்ப்புத் தந்தார். ஒன்றே ஒன்று. சீனப் புத்தாண்டுக்கு ஐந்நூறு நண்டு. அதுவும் பிழையாகப் போனால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்வார். கொழும்பிலிருக்கும் எங்கள் முதலாளியும் முடிவைச் சொல்லிவிட்டார்: இதுவும் செத்தால் உயிர் நண்டுப் பிரிவை மூடிவிட்டுக் குளிரறை மட்டும் நடத்துவார். குளிரறைக்கு நான்கு பேர் போதும். நண்டு கட்ட யாரும் தேவையில்லை. முப்பத்திரண்டு கதிரைகளும் காலியாகும். ராத்தா மறுபடி மணலுக்கு.

பெர்னாந்து சேர் என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"நாளைக்கு நீங்க நண்டு."

விளங்கவில்லை.

"நாலஞ்சு பெட்டி நண்டு வைங்க. நீங்களும் லொறிக்குப் பின்னால ஏறுங்க. நண்டு என்னத்தையெல்லாம் படுதோ அதையெல்லாம் நீங்களும் படுங்க. எழுதிட்டு வாங்க."

விடியல் தொழுகையான சுபஹுக்குப் பிறகு லொறியின் பின்பெட்டியில், கொப்பியும் பென்சிலுமாக, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேர நான்கு மணித்தியாலம்; வானத்தில் போகும் அதே நான்கு. முந்நூறு முழத்துக்கு ஒரு குழி. பாலாவி தாண்டியதும் வெயில் இடப்பக்கம் விழ ஆரம்பித்தது. தெற்கு நோக்கிப் போகிற லொறிக்குக் காலை வெயில் முழுவதும் இடது காதில்தான். இடப்பக்கப் பெட்டிகள் கை வைக்கச் சுட்டன. மதுரங்குளியில் அன்ரனி பாணும் பருப்பும் சாப்பிட இருபது நிமிஷம் வெயிலில் நிறுத்தினார். சிலாபம் மீன் சந்தைக்குப் பக்கத்தில் மறுபடி நின்றது. என்ன என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு வாளி குழாய்த் தண்ணீர் பெட்டிகளோடு சேர்த்து என் தலையிலும் விழுந்தது.

"அன்ரனி!"

"அய்யோ, நானா! நீங்க உள்ளுக்கு இருக்கிறத மறந்துட்டேன்." அண்ணன் என்பதற்கு நானா என்றுதான் அவர் என்னைக் கூப்பிடுவார். கையில் இரண்டாவது வாளி தயாராக இருந்தது. "மீனுக்கு இருபது வருஷமா இந்த இடத்துலதான் தண்ணி ஊத்துவேன். லொறி தானா நிக்குது, கை தானா ஊத்துது. நீங்களும் தண்ணி காட்டச் சொன்னீங்கதானே."

சொன்னேன்தான். எழுதிக்கொண்டேன், நனைந்த கொப்பியில்.

கட்டுநாயக்கவில் சரக்குக் கொட்டகைக்கு வெளியே தகரக் கூரையின்கீழ் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கணக்கைப் போட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. முதலாவது பயணத்தில் முதல் நண்டைக் கட்டியது முதல்நாள் காலை பத்து மணிக்கு. சிங்கப்பூரில் பெட்டி திறக்கப்பட்டது மறுநாள் எங்கள் நேரப்படி இரவு எட்டுக்கு. முப்பத்துநான்கு மணித்தியாலம். அதில் நான்கு மட்டும் விமானம்; அந்த நான்கும் குளிராகவும் இருட்டாகவும், நண்டுக்கு ஆகப் பிடித்த மாதிரி. நான் இவ்வளவு நாளும் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். நண்டு செத்தது பூமியில்.

மாற்றினோம். காலையில் கட்டுவதை நிறுத்தி, அஸர் தொழுகைக்குப் பிறகு நாலு மணிக்கு முதல் கயிறு என்று வைத்தோம். அதனால் முப்பத்துநான்கு இருபத்தெட்டாயிற்று. லொறியின் இடப்பக்கத்தில் தென்னோலைக் கிடுகு கட்டினோம். மதுரங்குளியில் நிற்பதில்லை. சிலாபத்தில் நிற்பதே இல்லை. அந்தச் சந்தியைக் கடக்கும்போது அன்ரனி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். சிங்கப்பூர் நேரத்துக்குச் சுவரில் இரண்டாவது கடிகாரம் ஒன்று மாட்டினோம். அதைப் பார்த்து ராத்தா, "இன்னொண்டும் வாங்கி இந்தப் பக்கம் குவைத்துக்கு மாட்டுங்களேன், பார்க்க அழகா இருக்கும்" என்றார்.

புத்தாண்டுச் சரக்கு நாள் வந்தது. ஒரு நல்ல சகுனம், சீனப் புத்தாண்டு அமாவாசையில்தான் பிறக்கிறது. பௌர்ணமிப் பக்கம் நண்டு மெலியும், அமாவாசைப் பக்கம் கொழுக்கும் என்று எங்கள் களப்புக்காரர்கள் காலங்காலமாகச் சொல்வார்கள். சீனர் எதை நினைத்து அந்த நாளைத் தெரிவுசெய்தார்களோ தெரியாது. எங்கள் நண்டுக்குப் பொருத்தமாகத் தெரிவுசெய்திருந்தார்கள். ஐந்நூறு நண்டு, இருபத்தைந்து பெட்டி. லொறி சுபஹுக்குப் பின் கிளம்பியது. நான் முன்னால், அன்ரனிக்குப் பக்கத்தில்.

ஒன்பது மணிக்குச் சரக்குக் கொட்டகை வாசலில் வரிசையில் நிற்கும்போது ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர்.

"உங்கட பிளேன் அஞ்சு மணித்தியாலம் சுணக்கம். ஆறு மணிக்குத்தான் போகும். ரெண்டு மணிக்கு வந்து பாரம் குடுங்க."

"சேர், இது உயிர் நண்டு."

"விளங்குது. ஆனா நண்டுக்கு அவசரம் எண்டு பிளேனுக்குச் சொல்லேலாதே."

இருபத்தெட்டும் ஐந்தும் முப்பத்துமூன்று. முதல் தடவை எழுபத்தாறு செத்த அந்த முப்பத்துநான்குக்கு ஒன்றுதான் குறைவு. திருப்பிக் கொண்டுபோனால் நண்டு பிழைக்கும், புத்தாண்டு போய்விடும். பெர்னாந்து சேருக்குத் தொலைபேசி எடுத்து நிலைமையைச் சொன்னேன்.

"நண்டுகிட்டக் கேட்டீங்களா?" என்றார். வைத்துவிட்டார்.

லொறியின் பின்கதவைத் திறந்து ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கினேன். மேல்வரிசை நண்டின் கண்ணைத் தொட்டேன். மடக்கியது, ஆனால் யோசித்து மடக்கியது. அடுத்ததும் அப்படியே. வாயோரம் மெல்லிய நுரை. சாக்கைக் கன்னத்தில் வைத்தேன். வெதுவெதுவென்று காய்ந்து கிடந்தது. முதல்முறை பிழியாமல் விட்டவன், இந்த முறை பயத்தில் முறுக்கி முறுக்கிப் பிழிய வைத்திருந்தேன். இருபத்தெட்டுக்குப் போதும், முப்பத்துமூன்றுக்குப் போதாது.

நிமிர்ந்து பார்த்தால் அன்ரனியைக் காணவில்லை. மதிலோரக் குழாயடியில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தது.

"வேணாம்!" என்று நான் கத்திய கத்தலில் வரிசையில் நின்ற நாலு லொறிக்காரர்களும் தங்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ராத்தாவுக்கு எடுத்தேன். இந்தமுறை புன்னகை எதுவும் செய்யவில்லை.

"ராத்தா, அஞ்சு மணித்தியாலம் சுணக்கம். சாக்கு காஞ்சு போச்சு. என்ன செய்ய?"

"நுர தள்ளுதா?"

"கொஞ்சம்."

"கண்ணு?"

"மடக்குது. மெதுவா."

"அப்ப உசிரு கெட்டியாத்தான் இருக்கு. பயப்படாதீங்க. குழாத்தண்ணி தொடவேணாம். களப்புத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு வைங்க."

"ராத்தா, நான் கட்டுநாயக்கவுல நிக்கிறேன்."

"ஏன், அங்க களப்பு இல்லையா?"

உலகத்துத் தீவுகளையெல்லாம் பெயர் சொல்லத் தெரிந்த நான் அன்ரனியைப் பார்த்தேன். அன்ரனி விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "நீர்கொழும்புக் களப்பு, நானா. கொஞ்சத் தூரம்தான். கரையிலதான் என்ட மாமிட வீடு."

பெரிய மாமரம், அதன் கீழ் நிழல், பத்தடியில் களப்பு. அன்ரனியின் மாமி இருபத்தைந்து பெட்டிகளும் இறங்குவதைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்த இரண்டு மருமக்களும் அக்கம்பக்கத்தார் மூன்று பேரும் சேர்ந்தார்கள். சாக்குகளை அள்ளி, களப்பில் முக்கி, இருவர் இருவராக எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். ஒவ்வொன்றையும் வாங்கி நான் கன்னத்தில் வைத்தேன். நனைந்தால் திருப்பிக் கொடுத்தேன். மீசை வைத்த ஓர் ஆண்பிள்ளை சாக்குச் சாக்காகக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேலிக்கு வெளியே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"இந்த மனுசனுக்குப் பல்லுக்குத்தா?" என்று மாமி அன்ரனியிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

இரண்டு நண்டுகள் மட்டும் கண்ணை மடக்கவில்லை. அவற்றின் பயணம் மாமரத்தடியிலேயே ரத்தாயிற்று.

"ஐந்நூறு நண்டு முற்றத்துல, கறிக்கு ரெண்டுதானா?" என்றார் மாமி.

"புத்தாண்டு முடியட்டும், மாமி" என்றார் அன்ரனி.

மற்ற நானூற்றுத் தொண்ணூற்றெட்டும் நிழலில், குளிர்ந்த சாக்குக்குள், பகல் முழுக்கத் தூங்கின. ஒன்றரைக்கு மறுபடி கேட்டேன். பெட்டிக்கு ஒன்றாக இருபத்தைந்து கண்களைத் தொட்டேன். இருபத்தைந்தும் சுள்ளென்று உள்ளே போயின. ஒன்று போதாதென்று என் விரலுக்கும் குறி வைத்தது. அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் எதற்கும் விரலை இழுத்ததில்லை.

மறுநாள் காலையில் கொட்டகையில் ஒரு கயிறும் ஓடவில்லை. முப்பத்திரண்டு பேரும் மேசையில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்கு, சிங்கப்பூரில் பத்தரைக்கு, பெர்னாந்து சேரின் தொலைபேசி அடித்தது. கேட்டார். "யெஸ்" என்றார். "யெஸ்" என்றார். வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மறுபடி எண்ணினேன். பத்து விநாடி. இருபது. முப்பது. ராத்தா எழுந்து நின்றுவிட்டார்.

பெர்னாந்து சேர் கண்ணாடியைப் போட்டார், மறுபடி கழற்றினார். அப்போதுதான் பார்த்தேன், ஈரம் கண்ணாடியில் இல்லை. பக்கத்தில் யாரும் வெங்காயமும் உரிக்கவில்லை.

"ஒன்பது," என்றார். "ஒன்பதுதான் செத்திருக்கு. அடுத்த கிழமை ரெண்டு மடங்கு கேக்கிறாங்க."

இருபத்துநான்குவரை சாக அனுமதி இருந்த இடத்தில் ஒன்பது. அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் களப்பில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன. யாரோ என் தோளில் ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். பொன்னாடைதான் அது, நல்ல அளவில் பிழிந்தது. பெர்னாந்து சேர் என்னிடம் வந்து, "நண்டு என்ன சொல்லிச்சு?" என்று கேட்டார்.

"ராத்தாகிட்டக் கேக்கச் சொல்லிச்சு, சேர்."

அன்றைக்கே ராத்தாவின் மேசைக்கு ஒரு தொலைபேசி இணைப்புக் கொடுக்கச் சொன்னார். அதன்பின் என் அட்டவணை எதுவும் ராத்தாவின் கன்னத்தைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. மேசையில் கதிரைகள் முப்பத்திரண்டிலிருந்து ஐம்பதாயின.

நான் ஓய்வுபெற்றபோது கம்பனி எனக்குக் கைக்கடிகாரம் தரவில்லை. என்னிடம் நேரத்தை நம்பிக் கொடுக்கக் கூடாது என்று யாரோ ஞாபகம் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூருக்குப் போய்வர ஒரு விமானச்சீட்டுத் தந்தார்கள். இத்தனை வருடம் நண்டுகளை அனுப்பிய நானே முதல்முறையாக அந்தப் பயணம் போனேன். நான்கு மணித்தியாலம். குளிராகவும் இருட்டாகவும் இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

மிஸிஸ் டான் ஓர் உணவகத்துக்குக் கூட்டிப்போனார். வாசலில் பெட்டி பெட்டியாக நண்டு. எனக்கு முட்டைச் சோறு சொல்லிவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது பெட்டியில் நின்றேன். முடிச்சு இடது பக்கம். அடியில் ஒரு சின்ன மடிப்பு.

காட்சி அழைப்பில் ராத்தாவை எடுத்து, தொலைபேசியை அந்த நண்டின் பக்கம் திருப்பினேன்.

"என்ட முடிச்சு!" ராத்தாவின் கூச்சலில் உணவகமே திரும்பியது. பின்னால் ஐம்பது பேரும் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. "முந்தாநாள் அஸருக்குப் பிறகு கட்டினது. தம்பி, கண்ணத் தொட்டுப் பாருங்க!"

தொட்டேன். நண்டு கண்ணைச் சட்டென்று மடக்கியது.

அதற்குள் பரிமாறுபவர் வந்து அதையே எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேசையில், சிவந்த குழம்போடு, ஒரு குடும்பத்துக்கு நடுவில் வந்து இறங்கியது. ராத்தா இன்னும் அழைப்பில்தான் இருந்தார்.

"எப்பிடி இருக்குதாம் எண்டு கேளுங்க தம்பி. இத்தின வருஷமாக் கட்டுறேன், எனக்கு ஒருக்காத் தெரியணும்."

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இதைக் கட்டியவர் கேட்கிறார் என்று சொல்லித் தொலைபேசியை நீட்டினேன். முழங்கைவரை குழம்பு பூசிய அந்தக் குடும்பத்துத் தலைவர் வாய் நிறைய வைத்திருந்ததால் பேச முடியவில்லை. கைகளிரண்டையும் தூக்கி, பெருவிரல்களை உயர்த்திக் காட்டினார். பிறகு எழுந்து நின்று, தொலைபேசியைப் பார்த்துத் தலை குனிந்தார்.

 ராத்தா மேசைப் பக்கம் திரும்பி, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?" என்று அதட்டுவது கேட்டது. "நாலு மணியாகுது. கயித்த எடுங்க."

எங்கள் சுவரில் நாலு. சிங்கப்பூரில் ஆறரை. பர்ஹானா, கைந்நூலில் இருபத்தெட்டு என்றே போடுங்கள்.